மேனேஜரின் இடது கண்

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் வெட்டுகிறவருக்குப் பம்பரம் என்ற பெயர் வந்ததற்கு அவருடைய இயந்திரம் காரணமன்று. அவருடைய கால்களே காரணம். உட்கார்ந்தால் முழங்கால் ஆடும். நின்றால் குதிகால் ஆடும். யாராவது அவரிடம் நீளமாக ஒன்றைச் சொல்லத் தொடங்கினால், சொல்கிறவருடைய சட்டைப் பொத்தான் வரிசை மாறியிருக்கிறதா, மேசையின் நான்கு கால்களும் தரையில் பதிந்திருக்கின்றனவா என்று அவர் கண் ஒரு சுற்றுப் போய்விட்டுத்தான் திரும்பும். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை போவார். பூட்டினோமா என்று சந்தேகம் வரும். திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார்.

"நீங்க வெளிய கிளம்புறதுன்னா ரெண்டு தடவை வழியனுப்ப வேண்டியிருக்கு. முதல் தடவை ஒத்திகை," என்பார் மனைவி.

இந்தக் குணம் வீட்டில் கேலிக்கும் கடையில் மரியாதைக்கும் உரியதாக இருந்தது. லென்ஸை அளவுக்கு வெட்டி, விளிம்பைத் தேய்த்து, கழுவித் துடைத்த பிறகு பம்பரம் அதை உடனே சட்டத்தில் பொருத்திவிட மாட்டார். மேலே எரியும் குழல் விளக்குக்குக் கீழே அதைப் படுக்கை வாட்டில் பிடிப்பார். விளக்கின் வெளிச்சம் லென்ஸின் மேற்பரப்பில் ஒரு வெள்ளைக் கோடாக விழும். லென்ஸை மெல்லச் சாய்க்கச் சாய்க்க அந்தக் கோடு ஓரத்திலிருந்து ஓரத்துக்கு வழுக்கிக்கொண்டு போகவேண்டும். போகிற வழியில் ஓரிடத்தில் அது நெளிந்தாலோ மங்கினாலோ, வெறுங்கண்ணுக்குத் தெரியாத கீறலோ குழியோ அங்கே இருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட லென்ஸ் ஓரமாகப் போய்விடும். அந்தச் சில நொடிகளில் மட்டும் பம்பரத்தின் கால்கள் ஆடுவதில்லை. கடை முதலாளி அதைப் பலமுறை கவனித்திருக்கிறார். யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் அதுவும் நின்றுவிடுமோ என்ற பயத்தில்.

பம்பரத்தின் வீடு முதல் மாடியில். கீழ்வீட்டில் அவருடைய அக்கா இருந்தார். தொலைபேசி நிலையத்தில் மேற்பார்வையாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதிர்முனையில் யார் எவ்வளவு கத்தினாலும் குரலை உயர்த்தாமல் பேசிப் பேசி, அந்த நிதானம் அவருடைய எலும்பில் ஊறிவிட்டிருந்தது. தம்பியின் பதற்றம் அவருக்கு ஒரு பொழுதுபோக்கு.

அக்காவிடம் ஒரு நாய் இருந்தது. சப்பை மூக்கு, மடிப்பு மடிப்பான முகம், வெளியே பிதுங்கிக்கொண்டு நிற்கும் பெரிய கண்கள். அடுத்தவர் வேலை செய்வதை உட்கார்ந்த இடத்திலிருந்தே மேற்பார்வை பார்ப்பதும், வேலை முடிந்தவுடன் களைத்துப்போய்த் தூங்குவதும் அதன் வழக்கம். ஆகவே அதற்கு மேனேஜர் என்று பெயர் அமைந்தது.

அந்த மேனேஜர் ஒருநாள் கண்ணடிக்கத் தொடங்கியது.

இடது கண்ணைப் பாதி மூடி, வலது கண்ணால் நேராகப் பார்க்கும். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பை அடக்க முடியாது. அக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. எதிர்வீட்டுத் தையற்காரம்மா துணி கொடுக்க வந்தபோது மேனேஜர் அவரைப் பார்த்தும் கண்ணடித்தது.

"இந்த வயசுல என்னைப் பாத்துக் கண்ணடிக்க ஒரு ஆள் வந்துருக்கு பாருங்க," என்று தையற்காரம்மா சிரித்தார்.

"ஆளப் பாத்துத்தான் அடிக்கும். என் தம்பியப் பாத்தா அடிக்காது," என்றார் அக்கா.

தம்பியைப் பார்த்தும் அது கண்ணடிக்கத்தான் செய்தது. ஆனால் பம்பரத்துக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் எப்போதும் இடது கண் மட்டும்? அந்தக் கண்ணிலிருந்து கன்னத்து மடிப்பு வழியாக ஈரம் ஏன் இறங்கியிருக்கிறது? வலது பக்கத்து ரோமம் உலர்ந்திருக்க, இடது பக்கத்து ரோமம் மட்டும் ஏன் பிசுபிசுவென்று ஒட்டிக்கிடக்கிறது? கேள்விகளோடு மாடிப்படி ஏறினார், பாதியில் இறங்கி வந்து இன்னொரு முறை பார்த்தார், மறுபடி ஏறினார்.

"அக்கா, டாக்டர்கிட்ட காட்டிரலாமா?"

"சூயிங்கம் டாக்டர்கிட்டயா?"

அந்தக் கேள்விக்கு ஒரு முன்கதை உண்டு. மேனேஜரின் வயிற்றில் ஒரு கட்டி வந்துவிட்டதென்று சென்ற கோடையில் அவர் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து அதைக் கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனார். மருத்துவர் கத்தரிக்கோலால் ரோமத்தில் ஒரு வெட்டு வெட்டி, யாரோ மென்று துப்பிய சூயிங்கத்தை ஒரு தாளில் வைத்து அவர் கையில் கொடுத்தார். அன்றுமுதல் பம்பரம் எதற்குப் பதறினாலும் குடும்பத்தில் அந்த ஒரு சொல் போதும்.

இப்போதும் அது போதுமானதாக இருந்தது. தன்னுடைய சந்தேகத்தின் மீதே அவருக்குச் சந்தேகம் வந்தது. ஆயிரம் முறை பூட்டாத பூட்டுக்காகத் திரும்பி வந்து, ஆயிரம் முறையும் பூட்டியிருந்ததைக் கண்டவர் அவர். ஆயிரத்தோராவது முறை மட்டும் தன் மனம் சொல்வது நிஜமாக இருக்கும் என்று எதை வைத்து நம்புவது?

அடுத்தநாள் மேனேஜரின் கண்வெள்ளை சிவந்திருந்தது. பம்பரத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடையிலிருந்து சீக்கிரம் வந்து அழைத்துப் போவது என்று முடிவு செய்து மனைவியிடமும் சொல்லிவிட்டார். ஆனால் மறுநாள் காலையில் பார்த்தபோது சிவப்பு பெருமளவு தணிந்திருந்தது.

"பாத்தியா? தானா வந்துது, தானா போச்சு. உன் பேச்சைக் கேட்டிருந்தா இன்னொரு சூயிங்கம்," என்றார் அக்கா. அவர் குரலில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் திருப்தி இருந்தது. பம்பரம் அதைக் கவனித்தார், காரணம் தெரியவில்லை.

சிவப்பு போய்விட்டது. இனி நிம்மதியாக இருக்கவேண்டியதுதான். பம்பரம் மற்ற மனிதர்களைப் போல் இருந்து பார்க்க முயன்றார். கீழ்வீட்டுக் கதவைக் கடக்கும்போது உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டார். மாடியில் உட்கார்ந்தால் மனம் கீழ்வீட்டிலேயே கிடந்து அடித்துக்கொண்டது. சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார், வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"உங்களுக்குக் கீழ போகணும்னா போயிட்டு வாங்க. தட்டு என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார் மனைவி.

"சிவப்பு போயிருச்சுல்ல?"

"போயிருச்சு."

"அப்புறம் ஏன் ஜன்னல் பக்கம் திரும்பாம சுவத்தப் பாத்தே உக்காந்திருக்கு?"

மேனேஜர் ஜன்னலோரத்தை விட்டு விலகும் நாய் அன்று. தெருவில் போகிற வருகிறவர்களைக் கணக்கெடுப்பதே அதன் உத்தியோகம். இப்போது அது வெளிச்சத்துக்கு முதுகு காட்டிக்கொண்டு, அலமாரிக்கும் சுவருக்கும் இடையிலிருந்த இருட்டில் முகத்தை நுழைத்துக்கொண்டிருந்தது. அவ்வப்போது எழுந்து வந்து, மிதியடியில் இடது கன்னத்தை வைத்து அழுத்தித் தேய்த்தது. அக்கா இதை ரோஷம் என்றார், பிஸ்கட்டைக் குறைத்ததற்காம்.

அன்று கடையில் பம்பரம் ஒரு லென்ஸைத் தவறாக வெட்டினார். வலது கண்ணுக்கானதை இடது அளவுக்கு வெட்டிவிட்டார். இயந்திரத்தை நிறுத்திவிட்டு, பாழான லென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கை தன்னிச்சையாக அதைக் குழல் விளக்குக்குக் கீழே கொண்டுபோனது. வெள்ளைக் கோடு ஓரத்திலிருந்து ஓரத்துக்கு வழுக்கிக்கொண்டு போயிற்று. மறுபடி சாய்த்தார். மறுபடி போயிற்று. அப்போதுதான் அவருக்குள் ஏதோ ஒன்று திடுக்கிட்டது. கண்ணும் ஒரு மேற்பரப்புத்தானே?

முதலாளியிடம் போனார். "கொஞ்சம் வீட்டுக்குப் போயிட்டு வரணும்."

"அடுப்பா, பூட்டா?"

"நாய்."

"புதுசா இருக்கே," என்ற முதலாளி அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேலியை நிறுத்திக்கொண்டார். "போயிட்டு வாங்க. லென்ஸ் எங்கயும் ஓடிராது."

அக்காவின் சமையலறையில் மேடைக்கு மேலே ஒரு குழல் விளக்கு உண்டு. பட்டப்பகலில் தம்பி வந்து அதைப் போடுவதைப் பார்த்து அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். பம்பரம் மேனேஜரைத் தூக்கி மேடையில் உட்காரவைத்து, தாடையைக் கையில் ஏந்திக்கொண்டார். முதலில் வலது கண். ஈரமான கறுப்பில் விளக்கு ஒரு சிறு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. தலையை மெல்லச் சாய்த்தார். கோடு வளைவுக்கேற்ப வழுக்கிச் சென்றது, எங்கும் முறியவில்லை.

பிறகு இடது கண். அதை மேனேஜர் திறக்க மறுத்தது. பம்பரம் இமையை இழுக்கவில்லை. காத்திருந்தார். கால்கள் ஆடாமல் காத்திருந்தார். மேனேஜர் ஒரு கணம் கண்ணைத் திறந்தபோது வெள்ளைக் கோடு பாதிவரை வந்தது. நடுவுக்குச் சற்றுக் கீழே வந்ததும் நெளிந்து, இரண்டாக ஒடிந்து, மங்கிப்போய், அப்பால் மறுபடி சேர்ந்தது. ஒடிந்த இடத்தில் மூச்சுப் பட்ட கண்ணாடி போல ஒரு நீலம் பாய்ந்த மங்கல்.

"அக்கா, கிளம்பு."

"எங்க?"

"கண்ணுல குழி விழுந்திருக்கு."

"சிவப்பே இல்லையேடா. நேத்தைக்கு இன்னைக்கு எவ்வளவோ தேவலை."

"சிவப்பு இல்லதான். கோடு ஒடியுது."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நானும் வரேன். டாக்டர் சிரிக்கும்போது உன் மூஞ்சியப் பாக்க ஒரு ஆள் வேணும்ல." சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டார். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து மூடும் ஓசையும் கேட்டது.

ஸ்கூட்டரின் பின்னிருக்கையில் அக்கா, அவர் மடியில் துண்டில் சுற்றிய மேனேஜர். அது முகத்தைத் தேய்த்துவிடாதபடி அதன் முன்னங்கால்களை அக்கா பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. மருத்துவமனை வாசலில் வண்டியை நிறுத்தி, கைப்பிடிப் பூட்டைப் போட்டு, அதை இழுத்துப் பார்த்து, சாவியைச் சட்டைப் பையில் போட்டு, பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பம்பரம் உள்ளே போனார்.

மருத்துவர் இளம்பெண். சூயிங்கத்தை அவர் மறக்கவில்லை என்பது உதட்டோரத்தில் தெரிந்தது. ஆனால் மேனேஜரைக் கண்டதும் அந்தப் புன்னகை அடங்கியது.

"எத்தனை நாளா இப்படிக் கண்ணச் சுருக்குது?"

"கண்ணடிக்குதுன்னு நெனச்சோம்," என்றார் அக்கா.

"நாய் கண்ணடிக்காதும்மா. வலிச்சா மூடிக்கும். ஒரு கண்ண மட்டும் மூடிச்சுன்னா அந்தக் கண்ணு வலிக்குதுன்னு அர்த்தம்."

அறையில் யாரும் சிரிக்கவில்லை. அக்கா மேனேஜரின் முதுகைத் தடவிய கையை நிறுத்தினார்.

மருத்துவர் முதலில் இமையோரத்தில் ஒரு சிறு தாள் பட்டையைச் செருகிக் கண்ணீரின் அளவைப் பார்த்தார். பிறகு ஆரஞ்சு நிற முனையுள்ள இன்னொரு பட்டையை மருந்து நீரில் நனைத்துக் கண்ணில் ஒரு சொட்டு விட்டு, அதைக் கழுவினார். விளக்கை அணைக்கச் சொல்லி, ஒரு நீல வெளிச்சத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். இருட்டில் மேனேஜரின் கண்ணில், நடுவுக்குச் சற்றுக் கீழே, ஒரு பச்சைப் புள்ளி சுடர்விட்டது. பம்பரம் கோடு ஒடிந்ததைக் கண்ட அதே இடம்.

"கருவிழியோட மேல்தோல் கிழிஞ்சு புண்ணாயிருக்கு. நல்லா இருக்கிற இடத்துல இந்தச் சாயம் ஒட்டாது, கிழிஞ்ச இடத்துல மட்டும் புடிச்சுக்கும்." மருத்துவர் குனிந்து மறுபடி பார்த்தார். "இந்த மாதிரி முகம் உள்ள நாய்ங்களுக்குக் கண்ணு வெளிய நிக்கும், எதுல வேணா பட்டிரும். ஆனா ஒண்ணுதான் எனக்குப் புரியல. இவ்வளவு ஆழமான புண்ணுக்குக் கண்ணு இன்னும் நல்லா சிவந்திருக்கணும். எதையோ போட்டு அடக்கி வெச்ச மாதிரி இருக்கு. வீட்டுல ஏதாவது சொட்டு மருந்து போட்டீங்களா? மனுஷங்களுக்குக் கொடுத்தது, பழசு, எதுவா இருந்தாலும் சொல்லுங்க. அதைப் பொறுத்துத்தான் நான் மருந்து முடிவு பண்ணணும்."

"இல்லையே," என்றார் பம்பரம்.

அக்கா கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

மருத்துவர் கேள்வியைத் திருப்பிக் கேட்டார். "வீக்கத்தையும் சிவப்பையும் போக்குற மருந்து சிலது உண்டு. ஆபரேஷன் ஆனவங்களுக்கு அது நல்லது. புண்ணு இருக்கிற கண்ணுல போட்டா பாக்குறதுக்கு ஆறுன மாதிரி தெரியும், உள்ள ஆற விடாது. குழி ஓட்டையாயிருச்சுன்னா கண்ண எடுக்க வேண்டி வரும். ஒண்ணுமே போடலயா?"

பம்பரத்தின் கண் வழக்கம்போல் அறையைச் சுற்றியது. சுவர் நாள்காட்டி, மேசைக் கால், தராசு. கடைசியில் அக்காவின் கையில் வந்து நின்றது. கைப்பையின் கொக்கியை அக்காவின் கட்டைவிரல் அழுத்திப் பிடித்திருந்தது, நகம் வெளுத்திருந்தது. குளிர்சாதனப் பெட்டி திறந்து மூடிய ஓசை அவர் நினைவுக்கு வந்தது. அதன் கதவுத்தட்டில் அக்காவின் கண்புரை அறுவைக்குப் பிறகு மிஞ்சிய சொட்டு மருந்துக் குப்பி இருப்பது அவருக்குத் தெரியும். அதன் மேலிருந்த பொடி எழுத்தை அக்காவுக்குப் படித்துக்காட்டியவரே அவர்தாம். தன் கண்ணை நன்றாக்கியதை அக்கா தன் நாய்க்குக் கொடுத்திருக்கிறார். சிவப்பு தணிந்ததும் மகிழ்ந்திருக்கிறார்.

கேட்டுவிடலாம். ஆனால் பம்பரத்துக்கு அக்காவைத் தெரியும். சிறுவயதில் சுவர்க்கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும்போது அதன் ஸ்பிரிங்கை அறுத்துவிட்டு, தான் தொடவேயில்லை என்று வீட்டார் எல்லோர் முன்னிலையிலும் சொன்னவர் அக்கா. இன்றுவரை அந்தப் பதில் மாறவில்லை. தம்பியின் எதிரில், அதிலும் இத்தனை நாள் தாம் கேலி செய்த தம்பியின் எதிரில், இல்லை என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அது இல்லைதான். பிறகு மேனேஜரின் கண் போய்விடும்.

பம்பரம் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தார். முழங்காலைத் தடவினார். எழுந்தார்.

"டாக்டர், ஒரு நிமிஷம். வண்டியப் பூட்டினேனான்னு சந்தேகமா இருக்கு. பாத்துட்டு வந்துர்றேன்."

"இப்பவா?" என்றார் மருத்துவர்.

"அவனுக்கு அப்படித்தான்," என்றார் அக்கா. குரல் நிதானமாகத்தான் இருந்தது. ஆனால் அக்கா அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

வாசலில் ஸ்கூட்டர் பூட்டியே இருந்தது. பம்பரம் அதை இழுத்துப் பார்க்கவில்லை. பூட்டியது அவருக்குத் தெரியும். வாழ்நாளில் முதல் தடவையாகச் சந்தேகத்துக்கு இடமின்றித் தெரியும். உள்ளே போய்க் கதவில் காதை வைக்கச் சொல்லி உடம்பு முழுவதும் அரித்தது. முள்மேல் நிற்பதுபோல் இருந்தது. சீக்கிரம் போனால் அக்கா சொல்லத் தொடங்கியது பாதியில் நின்றுவிடும். மெதுவாகப் போனால் சொல்லாமலே விட்டிருப்பாரோ என்ற கவலை அவரைத் தின்றுவிடும். இருக்கையின் தூசியைத் துடைத்தார். கண்ணாடியைத் துடைத்தார். துடைக்க வேறொன்றும் இல்லாமல் போனதும், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி அசையாமல் நின்றார். வாயிற்காவலர் அவரிடம் வந்து உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்.

அவர் திரும்பி வந்தபோது அக்காவின் கைப்பை மடியில் திறந்து கிடந்தது. மருத்துவர் எழுதிக்கொண்டிருந்தார். மேசையோரத்துக் குப்பைக்கூடையைப் பம்பரம் பார்க்காமல் இருக்கப் பெருமுயற்சி செய்தார்.

"இனிமே இது மட்டும்தான்," என்றார் மருத்துவர், எழுதியதை நீட்டி. "வேற எதுவும் கண்ணுகிட்டயே போகக் கூடாது. பகல் முழுக்கச் சொட்டு மருந்து இடைவெளி விடாம போடணும். கண்ணத் தேய்க்காம இருக்கக் கழுத்துல ஒரு பிளாஸ்டிக் கூம்பு மாட்டிவிடுறேன், அதைக் கழட்டவே கழட்டாதீங்க, ஒரு தேய்ப்புப் போதும் எல்லாம் பாழாப் போறதுக்கு. நாளைக்கும் கொண்டு வாங்க. சரியான நேரத்துக்கு வந்தீங்க. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு நான் சொல்லல."

"பிழைச்சிருமா கண்ணு?" என்று கேட்டார் அக்கா. அந்தக் குரலைப் பம்பரம் அதுவரை கேட்டதில்லை.

"நாலஞ்சு நாள் போனாத்தான் சொல்ல முடியும்."

அந்த நாட்களில் கீழ்வீட்டில் இரண்டு பம்பரங்கள் சுழன்றன. கூம்பு மாட்டிய மேனேஜர், ஒலிபெருக்கி கட்டிய வண்டிபோல் நாற்காலிக் கால்களில் மோதிக்கொண்டு திரிந்தது. அக்கா கடிகாரத்தைப் பார்த்தார், மருந்தைப் போட்டார், போட்டோமா என்று சந்தேகம் வந்து மாடிக்குக் குரல் கொடுத்தார்.

"டேய், இப்பப் போட்டேனா?"

"போட்டக்கா. நான் பாத்தேன்."

"நல்லாப் பாத்தியா?"

மாடியில் மனைவி பாத்திரத்தைக் கழுவியபடி சொன்னார்: "குடும்பத்துலயே ஓடுது போல."

மறுநாள் பரிசோதனையில் பச்சைப் புள்ளி சிறுக்கவில்லை, பெருகவும் இல்லை. அதற்கடுத்த முறை ஓரம் சற்றே உள்வாங்கியிருந்தது. அன்று மருந்து போடும்போது பம்பரம் மேனேஜரின் தாடையைப் பிடித்திருந்தார். அக்கா குப்பியைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். சொட்டு விழுந்தது. மேனேஜர் தும்மியது. அக்கா குப்பியை மூடிக்கொண்டே, அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அன்னைக்கு வண்டி பூட்டித்தான இருந்துச்சு?"

"பூட்டித்தான் இருந்துச்சு."

"ம்," என்றார் அக்கா. குப்பியை அலமாரியில் வைத்தார். தட்டை எடுத்து வைத்துவிட்டு, "சாப்டுட்டுப் போ," என்றார்.

கூம்பைக் கழற்றலாம் என்று மருத்துவர் சொன்ன மாலையில், வீட்டுக்கு வந்தவுடன் அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குப் போய்க் குழல் விளக்கைப் போட்டார். மேனேஜரை மேடையில் உட்காரவைத்தார்.

"அவங்க பாத்தாச்சு. நீ ஒரு தடவை பாரு."

பம்பரம் தாடையை ஏந்தினார். இடது கண் தானாகத் திறந்தது. வெள்ளைக் கோடு ஓரத்திலிருந்து புறப்பட்டு, நடுவுக்குச் சற்றுக் கீழே வந்தபோது மிகச் சிறிதாக ஒரு முறை தயங்கி, முறியாமல், மறு ஓரம்வரை சென்று சேர்ந்தது. அங்கே ஒரு தழும்பு இருக்கிறது. இனி என்றும் இருக்கும். கடையில் என்றால் அந்த லென்ஸை அவர் ஓரமாகப் போட்டிருப்பார்.

"எப்படி இருக்கு?"

"போதும் அக்கா. நல்லாப் பாக்கும்."

மேனேஜர் மேடையிலிருந்து இறக்கப்பட்டதும் நேராக ஜன்னலுக்குப் போயிற்று. இரண்டு கண்களாலும் தெருவை ஒருமுறை மேற்பார்வை பார்த்தது. அக்கா விளக்கை அணைத்தார். வாசலை நோக்கி நடந்த பம்பரம் திரும்பி வந்து, விளக்கை மறுபடி போட்டார்.

"இன்னொரு தடவை பாத்துர்றேன்," என்றார்.

"பாரு," என்றார் அக்கா. தாமே போய் மேனேஜரைத் தூக்கிவந்தார்.